ஒரு காசுக்கு அரை மணி, ரோமர் 13-க்குப் பத்து நிமிடம்

தேர்தல் வந்தாலே என் வேதபாட வகுப்பில் யாராவது, ஆளுகிறவர்களுக்குக் கீழ்ப்படியுங்கள் என்று பவுல் எழுதிய ரோமர் 13-ஐ எடுத்துவிடுவார்கள். அதற்காகத்தான் சபையும் அரசும் பற்றிய இந்த எட்டுப் பாட இணைய வகுப்பில் சேர்ந்தேன்.

முதல் பாடத்துக்காகவே சேரலாம். அரை மணி நேரமும் ஒரே ஒரு காசுதான். ரோமப் பேரரசன் திபேரியு ராயன் காலத்து வெள்ளிக்காசைத் திரை நிறையக் காட்டி, 'தெய்வீக அகுஸ்துவின் மகன்' என்ற மேலெழுத்தை எழுத்தெழுத்தாகப் படிக்கிறார் ஆசிரியர். ராயனுக்கு வரி கொடுக்கலாமா என்று இயேசுவை மடக்க வந்தவர்கள்தான் அந்தக் காசைக் கொண்டுவந்து நீட்டுகிறார்கள். "இந்தச் சுரூபம் யாருடையது?" என்று இயேசு கேட்ட இடத்தில் நிறுத்திவிட்டு, தேவ ரூபத்தின்படி மனுஷன் உண்டாக்கப்பட்ட ஆதியாகம வசனத்தைத் திரையில் போட்டுப் பேசாமல் இருக்கிறார். நானும் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

வரலாற்றுப் பாடங்கள் விறுவிறுப்பு. 313-இல் சகிக்கப்பட்ட மதமான கிறிஸ்தவம் 380-இல் ரோமப் பேரரசின் மதமாகிறது. பத்தே வருடத்தில், தெசலோனிக்கேயில் படுகொலை செய்வித்த தெயோதோசியு பேரரசனிடம் மனந்திரும்பினால்தான் திருவிருந்து என்கிறார் மிலான் ஆயர் அம்புரோஸ்.

ரோமர் 13-க்கு வெறும் பத்து நிமிடம்! அதுவும் 12-ஐத் தொடாமல். பவுல் எழுதிய கடிதத்தில் அதிகாரம் (அத்தியாயம்) என்ற பிரிப்பே கிடையாது; அது 13-ஆம் நூற்றாண்டில் வந்தது. (அதிகாரத்தைப் பற்றிய பகுதியை அதிகாரம் பிரித்தே கெடுத்துவிட்டார்கள்.) 12:19-இல் நீங்கள் பழிவாங்காமல் கோபாக்கினைக்கு, அதாவது தேவ கோபத்தின் தண்டனைக்கு, இடங்கொடுங்கள் என்கிறார், 13:4-இல் அதே கோபாக்கினை ஆளுகிறவன் கையில் இருக்கிறது. சேர்த்துப் படித்தால்தானே புரியும்? கேட்டு எழுதினேன். ஒன்பது நாள் கழித்து, "அடுத்த பாடத்தில் வரும்" என்று ஒரு வரி. வரவில்லை.

ஆனால் அந்த அடுத்த பாடம் ஹிட்லர் காலத்தில் சபைக்குள் அரசு தலையிட்டதை எதிர்த்து ஜெர்மானியக் கிறிஸ்தவர்கள் வெளியிட்ட பார்மன் அறிக்கை, 1934. அரசைப் பற்றிய அதன் ஐந்தாம் கூற்றின் தலையில் இருப்பது ரோமர் 13 அல்ல, 1 பேதுரு 2:17: தேவனுக்குப் பயந்திருங்கள், ராஜாவைக் கனம்பண்ணுங்கள். பயம் ஒருவருக்கு, கனம் இன்னொருவருக்கு. ஆசிரியர் இதைச் சொல்லாமலே கடந்துபோகிறார். திரையில் ஓடிய எழுத்தை நிறுத்தி நானே பார்த்துக்கொண்டேன்.

கடைசி இரண்டு பாடங்கள் சுமார். பின்னணி இசை பேச்சை விழுங்குகிறது. சரி, காசுப் பாடத்தை என் வகுப்பில் போட்டுக் காட்டப் போகிறேன். அப்புறம் 12-ஐயும் 13-ஐயும் மூச்சுவிடாமல் ஒருவரை வாசிக்கச் சொல்லியிருக்கிறேன்.