பெண்ட் பைப்புக்கு “செராமிக் கோட்டிங்” என்று சொல்லி சாதா பவுடர் அடித்துக் கொடுக்கிறார்கள், உஷார்

சென்னையில் ஒரு கோட்டிங் பட்டறையில் நடந்தது. 350 சிசி ஏர்கூல்டு பைக்கின் பெண்ட் பைப்பை (எஞ்சினிலிருந்து சைலன்சருக்குப் புகை போகும் வளைந்த குழாய்), “செராமிக் சார், 900 டிகிரி தாங்கும்” என்று சொல்லி வாங்கி வைத்தார்கள். மேட் பிளாக்கில் திரும்பி வந்தபோது குறை சொல்ல ஒன்றுமில்லை. மாட்டி ஓட்டிய முதல் தடவையே பிளாஸ்டிக் கருகும் நாற்றமும் வெள்ளைப் புகையும் கிளம்பின. எஞ்சின் ஹெட்டிலிருந்து ஒரு சாண் தூரத்துக்கு கோட்டிங் அப்பளம் மாதிரி கொப்பளித்து, நகம் பட்டாலே செதில் செதிலாக உதிர்ந்தது. கீழே ஃபுட்ரெஸ்ட் பக்கம் மட்டும் ஒன்றும் ஆகவில்லை. சூடு அதிகமான இடத்தில் கருகி, குறைந்த இடத்தில் பிழைத்திருக்கிறது என்றால், அடித்தது சாதாரண பாலியெஸ்டர் பவுடர்தான்.

அந்தப் பவுடர் 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் சூளையில் உருகி இறுகுவது. 250ஐத் தாண்டினால் அதிலுள்ள ரெசினே சிதைய ஆரம்பிக்கும். ஏர்கூல்டு ஒற்றைச் சிலிண்டர் வண்டியில் எக்ஸாஸ்ட் போர்ட்டை (ஹெட்டில் புகை வெளியேறும் வாய்) ஒட்டிய பைப்பின் வெளிப்புறம், ஹைவேயில் இழுத்து ஓட்டும்போது 400 டிகிரிக்கு மேலும் போகும். அங்கே அது நிற்கவே நிற்காது. சேஸிஸுக்கும் ஸ்டாண்டுக்கும் அருமையான பூச்சு, பெண்ட் பைப்புக்கு இல்லை. சிலிகான் ரெசின் கலந்த உயர்வெப்பப் பவுடர் என்று தனி ரகம் உண்டு. அதைத்தான் அடிக்கிறோம் என்றால் டேட்டா ஷீட்டைக் காட்டச் சொல்லுங்கள்.

பட்டறை சொன்ன சமாதானம்: “உங்க வண்டி லீனா ஓடுது, ட்யூனிங் சரியில்ல.” லீனாக, அதாவது காற்றுக்குப் பெட்ரோல் குறைவாகக் கலந்து ஓடினால் பைப் கூடுதலாகச் சூடாகும் என்பது உண்மை. ஆனால் 900 டிகிரி தாங்கும் பூச்சு, ட்யூனிங் கொஞ்சம் பிசகியதற்காகக் கொப்பளிக்காது. அடுத்து “ஃப்ரீயாகச் செய்து தருகிறோம்” என்று வாங்கி, மிச்சமிருந்த பவுடரை எமரி போட்டுத் தேய்த்து அதன்மேலேயே ஹீட் பெயின்ட் அடித்தார்கள். அடியில் இருப்பது கருகும்போது மேலே என்ன அடித்தாலும் சேர்ந்தே உரியும். உரிந்த இடத்தில் பழைய குரோம் அப்படியே பளபளத்தது. முதல் தடவைகூட பிளாஸ்டிங் (காற்றழுத்தத்தில் மணல் போன்ற துகளைப் பீய்ச்சி மேற்பரப்பைச் சொரசொரப்பாக்குவது) செய்யவில்லை என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. குரோம்மேல் எந்தப் பெயின்ட்டும் பிடிக்காது. அதை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் பளபளப்பு முழுக்கச் சாகும்வரை பிளாஸ்ட் செய்ய வேண்டும்.

பைப்பைக் கொடுக்கும் முன்பே கண்டுபிடிக்க வழி இருக்கிறது. பொருளின் பெயரும் கோடு நம்பரும் என்ன, எத்தனை டிகிரியில் எவ்வளவு நேரம் க்யூர் (பூச்சை இறுக வைப்பது) என்று கேளுங்கள். “200 டிகிரி, 20 நிமிஷம்” என்று பதில் வந்து, கலர் கார்டையும் நீட்டி எந்தக் கலரும் கிடைக்கும் என்றால் அது பவுடர். செராகோட் என்று செராமிக் கோட்டிங் பிராண்டின் பெயர் சொன்னால் எந்த சீரிஸ் என்று கேளுங்கள். சைலன்சருக்கு உரிய சி சீரிஸ் காற்றிலேயே இறுகுவது, முழுசாக இறுக ஐந்து நாள் ஆகும். எச் சீரிஸ் சூளையில் வைப்பது, எக்ஸாஸ்ட்டுக்கானது அல்ல. பெயர் ஒன்றே என்பதால் இதிலும் ஏமாற்று நடக்கிறது.

வேலை முடிந்து வாங்கும்போது ஃபிளாஞ்சுக்கு (பைப்பை ஹெட்டில் இறுக்கும் தகடு) கீழுள்ள வெல்டிங்கை உற்றுப் பாருங்கள். செராமிக் மெல்லிய படலம், 25 மைக்ரான் அளவுதான். வெல்டிங்கின் ஒவ்வொரு அலையும் கூர்மையாகத் தெரியும். பவுடர் 60 முதல் 100 மைக்ரான். அலைகளை நிரப்பி வழவழவென்று மூடிவிடும், ஓரங்கள் உருண்டு நிற்கும். மைல்டு ஸ்டீல் பைப் என்றால் பூச்சின் தடிமனை அளக்கும் காந்தத் திக்னஸ் கேஜ் வைத்தால் சந்தேகமே இருக்காது. 304 ஸ்டெயின்லெஸ் பைப்பில் அந்தக் கேஜ் வேலை செய்யாது.

செலவு குறைவாக வேண்டுமா, நல்ல சிலிகான் ஹீட் ஸ்ப்ரே போதும். ஆனால் பூச்சைவிட அடிவேலைதான் முக்கியம். பைப்பை முதலில் வெறுமனே சூளையில் வைத்து உள்ளே ஊறிய ஆயிலை எரித்து வெளியேற்ற வேண்டும். பிறகு 80 முதல் 120 கிரிட் அலுமினியம் ஆக்சைடில் பிளாஸ்டிங். கிளாஸ் பீட் போட்டால் மேற்பரப்பு வழவழப்பாகிப் பிடிப்பு இருக்காது. அசிட்டோனில் துடைத்த பிறகு வெறுங்கையால் தொடக் கூடாது, தொட்ட இடத்தில் விரல் ரேகையோடு உரியும். சென்னைக் கடல் காற்றில் பிளாஸ்ட் செய்த ஸ்டீல் சில மணி நேரத்தில் துரு பூக்கும், அதனால் அன்றே அடித்துவிட வேண்டும். விஎச்டி ஃப்ளேம்ப்ரூஃப் என்ற ஹீட் ஸ்ப்ரே என்றால் க்யூரிங் மூன்று கட்டம்: 121, 204, 316 டிகிரியில் அரை அரை மணி, ஒவ்வொன்றுக்கும் பிறகு அரை மணி ஆறவிட வேண்டும். இதைச் செய்யாத பெயின்ட், பெட்ரோல் சொட்டினாலே கரையும்.

இன்னொரு கோளாறு. கேஸ்கெட் உட்காரும் முனையையும் மூடாமல் அடித்துவிட்டார்கள். அங்கே பூச்சு எரிந்ததும் இடைவெளி விழுந்து, ஆக்சிலேட்டரை விடும்போது டப் டப்பென்று வெடித்தது. அந்த முனையை மாஸ்க் செய்யச் சொல்லுங்கள். பிஎஸ்6 வண்டியானால் ஆக்சிஜன் சென்சரைக் கழற்றி மரையையும் அடைக்கச் சொல்லுங்கள். மாட்டும்போது புது கேஸ்கெட் போடுங்கள்.

பில்லில் “பெயின்டிங் – 1” என்று மட்டும் எழுதியிருந்தார்கள், செராமிக் என்ற சொல்லே இல்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டபோது அதைத்தான் காட்டினார்கள். பொருளின் பெயர், கோடு நம்பர், தாங்கும் டிகிரி மூன்றையும் ஜிஎஸ்டி பில்லிலேயே எழுதி வாங்குங்கள். அந்தப் பில் கையில் இருந்தால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுக்கும்போது பேச்சுக்கு ஆதாரம் இருக்கும்.