முதலில் செல், அப்புறம் வாட்: ஐஸ்டிக் பிகோவில் சாம்சங் 25ஆர்

சிகரெட்டை விடுவதற்காக வேப்புக்கு, அதாவது மின்சிகரெட்டுக்கு, வருகிற நம் ஆட்கள், லண்டன் ஈஸ்ட் ஹாமில் என்னைப் பார்த்தால் முதலில் கேட்பது "எந்த மாடல் நல்லா இருக்கு?" என்பதைத்தான். உள்ளே போடுகிற பேட்டரியைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. கருவிக்கு முப்பது, நாற்பது பவுண்டு தாராளமாகக் கொடுத்துவிட்டு, அந்தப் பேட்டரி செல் வாங்கும்போது இரண்டு பவுண்டு மிச்சம் பிடிப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். நான் எலெக்ட்ரீஷியன். கரண்ட் விஷயத்தில் எங்கே கை இறுக்கலாம், எங்கே கூடாது என்று நித்தம் பார்க்கிற தொழில் என்னுடையது. அதனால் இந்த விமர்சனத்தில் கருவியைவிட செல்லைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன்.

ஒன்றை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். இது ஏற்கெனவே புகைப்பவர்களுக்கும், புகைத்து விட்டவர்களுக்குமான எழுத்து. சிகரெட் பழக்கமே இல்லாதவர்களுக்கு இந்தக் கருவியால் ஒரு பிரயோஜனமும் இல்லை, வாங்கவே வேண்டாம். பதினெட்டு வயது ஆகாதவர்களுக்கு இங்கே விற்பதே குற்றம்.

நான் வைத்திருப்பது ஈலீஃப் ஐஸ்டிக் பிகோ, 75 வாட் மாடல். பழைய சாமான்தான். உள்ளங்கைக்குள் அடங்கும். பேட்டரி மூடி மேலே, லிக்விட் ஊற்றுகிற டேங்கை ஒட்டியே இருக்கிறது. அதனால் 22 மில்லிமீட்டருக்கு மேல் அகலமான டேங்க் உட்காராது. வாட்டைக் கூட்டிக் குறைக்கிற பொத்தான் அடிப்பாகத்தில் இருப்பதால், ஒவ்வொரு தடவையும் கருவியைக் கவிழ்த்துப் பிடித்துத்தான் அழுத்த வேண்டும். ஆரம்பத்தில் இது எரிச்சலாக இருக்கும். ஆனால் சட்டைப் பையில் கிடக்கும்போது தானாக வாட் ஏறிவிடாமல் இருப்பதற்கு அந்த இடம்தான் வசதி. உள்ளே போகிற செல் ஒன்றே ஒன்று, 18650. 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், அதுதான் அந்த எண்ணின் கணக்கு. மேல் முனை தட்டையான செல்லாகப் பார்த்து வாங்குங்கள். உள்ளேயே பாதுகாப்பு சர்க்யூட் வைத்த செல் இன்னும் கொஞ்சம் நீளமாக இருக்கும், மூடி சரியாக இறங்காது.

சரி, எந்தச் செல்? நான் போட்டிருப்பது சாம்சங் 25ஆர். கொள்ளளவு 2,500 எம்ஏஎச் (மில்லிஆம்பியர்-மணி), தொடர்ந்து 20 ஆம்ப் கரண்ட் கொடுக்கும். கடையில் இதன் பக்கத்திலேயே சாம்சங் 35இ இருக்கும், 3,500 எம்ஏஎச். விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது. பார்க்கிற யாரும் "ஆயிரம் கூட வருதே" என்று அதைத்தான் எடுப்பார்கள். ஆனால் 35இ தொடர்ந்து கொடுக்கக்கூடியது 8 ஆம்ப் மட்டுமே. 35இ வாய் குறுகிய பெரிய குடம், 25ஆர் அதைவிடச் சின்ன வாளி. குடத்தில் தண்ணீர் அதிகம்தான், ஆனால் அவசரத்துக்குக் கவிழ்த்தால் வாளிதான் சட்டென்று கொட்டும். இரண்டும் ஒரே அளவு உருளை என்பதால், கொள்ளளவைக் கூட்டினால் வேகத்தில் விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

எத்தனை ஆம்ப் தேவை என்று கண்டுபிடிக்கிற கணக்கில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். பிகோ மாதிரி உள்ளே சர்க்யூட் உள்ள கருவிகளில், டேங்குக்குள் சூடாகி லிக்விடை ஆவியாக்குகிற கம்பிச்சுருளான காயிலின் ஓம் (மின்தடை) எவ்வளவு என்பதைப் பார்த்துச் செல்லின் ஆம்பியரைக் கணக்கிடக் கூடாது. வைத்திருக்கிற வாட்டை, செல் இறங்கி நிற்கிற வோல்ட்டால் வகுக்க வேண்டும். சர்க்யூட்டில் வீணாவதற்குப் பத்து சதவீதம் சேர்த்துக்கொள்ள வேண்டும். முழு சார்ஜில் செல் 4.2 வோல்ட் இருக்கும். தீரப்போகும் நேரத்தில் 3.2 வாக்கில் நிற்கும். வோல்ட் இறங்க இறங்க, அதே வாட்டைக் கொடுப்பதற்குக் கருவி அதிக ஆம்ப் இழுக்கும். ஆகவே செல்லுக்கு அதிக பாரம் விழுவது அது தீரப்போகிற நேரத்தில்தான்.

அட்டையில் போட்டிருக்கிற 75 வாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாகச் சார்ஜ் ஏறிய செல்லில் அதற்குக் கிட்டத்தட்ட 20 ஆம்ப் போதும். 3.2 வோல்ட்டில் 26 ஆம்ப் வேண்டும். 25ஆர் தாங்குவது 20. ஆகவே ஒற்றைச் செல் கருவியில் 75 வாட் என்பது அட்டையில் மட்டும் இருக்கட்டும், 50 வாட்டைத் தாண்டாதீர்கள் என்பதுதான் என் கருத்து. இதே பிகோவோடு வருகிற மெலோ 3 மினி டேங்கின் 0.3, 0.5 ஓம் காயில்கள் 30 வாட்டிலிருந்துதான் ஆரம்பிக்கின்றன. அதற்கே கடைசி நேரத்தில் 10 ஆம்ப்புக்கு மேல் போகும். 35இ அங்கேயே தோற்றுவிட்டது.

நான் அந்த டேங்கைப் போடுவதில்லை. ஆஸ்பயர் நாட்டிலஸ் டேங்கில் 1.8 ஓம் காயில் போட்டு 12 வாட்டில் இழுக்கிறேன். சிகரெட் மாதிரி முதலில் வாயில் வாங்கி அப்புறம் உள்ளே இழுப்பவர்களுக்கு இதுதான் தோது. 12 வாட்டுக்குச் செல்லிடமிருந்து 4 ஆம்ப் வாக்கில்தான் போகிறது. அப்படியானால் 35இ போதுமே என்று கேட்பீர்கள். என் டேங்கிற்கு மட்டும் என்றால் போதும். ஆனால் நாளைக்கே வேறு காயில் மாற்றத் தோன்றும், வீட்டில் இன்னொருவர் அதே செல்லை எடுத்து வேறு கருவியில் போடுவார். அந்த இடைவெளிக்காகத்தான் 25ஆர். மோலிசெல் பி28ஏ கிடைத்தால் அதையும் தயங்காமல் வாங்கலாம், 2,800 எம்ஏஎச், ஆம்பியரிலும் குறைச்சல் இல்லை. முன்பு சோனி என்று இருந்த விடிசி செல்கள் இப்போது முராட்டா பெயரில் வருகின்றன. சோனியின் பேட்டரி பிரிவை 2017-ல் முராட்டா வாங்கிக்கொண்டது. பெயர் மாறியிருக்கிறதே என்று போலியாக நினைக்க வேண்டாம்.

போலி என்றதும் இதைச் சொல்லியே ஆக வேண்டும். என் மச்சினன் ஆன்லைனில் "9,900 எம்ஏஎச்" என்று அச்சடித்த செல் வாங்கி வந்தான். "அத்தான், உங்க சாம்சங்கைவிட நாலு மடங்கு, விலை பாதி" என்றான். சமையலறைத் தராசை எடுத்து வைத்தேன். என் 25ஆர் 44 கிராம் காட்டியது, அவனுடையது 34 தான். இந்த அளவில் நல்ல செல் பெரும்பாலும் 44-க்கும் 50-க்கும் இடையில் நிற்கும். உள்ளே சரக்கு இல்லாமல் கொள்ளளவு எங்கிருந்து வரும்? அப்புறம் முழுக்க இறக்கி, சார்ஜரில் போட்டு, எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தோம். ஆயிரத்தைக்கூடத் தொடவில்லை. 18650 அளவில் 3,600-ஐ வெகுவாகத் தாண்டி எண் போட்டிருந்தால், அந்தக் கடையிலிருந்து நடையைக் கட்டுங்கள். "40 ஆம்ப்" என்று பளபளப்பான உறை சுற்றி வருகிறவையும் அப்படித்தான். வேறு யாரோ செய்த செல்லுக்குப் புது உறை மாட்டி, வாய்க்கு வந்த எண்ணை அச்சடித்திருப்பார்கள்.

இப்போது வோல்டேஜ். பிகோவில் வோல்ட் மாற்றுகிற வசதி எங்கே என்று தேடாதீர்கள். வாட்டை நீங்கள் வைத்தால், காயிலின் ஓமைப் பார்த்துத் தேவையான வோல்ட்டை அதுவே போட்டுக்கொள்ளும். 1.8 ஓமில் 12 வாட் என்றால் 4.65 வோல்ட். செல்லிடம் முழு சார்ஜிலேயே 4.2 தானே இருக்கிறது? உள்ளே இருக்கிற சர்க்யூட் ஏற்றிக் கொடுக்கிறது. கடைசி வரை ருசி ஒரே மாதிரி இருப்பதற்குக் காரணம் அதுதான்.

அடியில் திருகுகிற வளையம் வைத்த பேனா மாதிரி கருவிகளில், ஜாய்டெக் ஈகோ ட்விஸ்ட் அந்த வகை, வோல்ட்டை நேரடியாக வைக்க வேண்டும். 3.2-லிருந்து 4.8 வரை. அங்கே ஓமை நீங்களே ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். 1.8 ஓம் காயிலில் 4.5 வோல்ட் வைத்தால் 11 வாட் சொச்சம், அருமையாக இருக்கும். காயில் தீர்ந்துபோய், கடையில் அது இல்லை என்று 1 ஓம் காயில் வாங்கிப் போட்டுவிட்டு, வளையத்தைத் தொடாமல் இழுத்தால் 20 வாட்டுக்கு மேல். காயிலுக்குள் லிக்விடை உறிஞ்சி வைத்திருக்கிற பஞ்சு கருகி, தொண்டையைச் சுட்டு, அந்தக் காயிலே வீண். வோல்ட்டின் வர்க்கத்தை ஓமால் வகுத்தால் வாட். போனில் இருக்கிற கால்குலேட்டர் போதும். காயில் மாற்றினால் வளையத்தை முதலில் கீழே கொண்டுவந்து விடுங்கள்.

கருகல் வாடை என்பது வெறும் ருசிக் கேடு இல்லை. 2015 ஜனவரியில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில், அமெரிக்காவின் போர்ட்லாண்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தினர் ஒரு சின்ன ஆய்வு வெளியிட்டார்கள். ஃபார்மால்டிஹைடு என்கிற நச்சை வெளிவிடக்கூடிய சேர்மங்கள், அதே கருவியில் 3.3 வோல்ட்டில் இழுத்தபோது தென்படவில்லை, 5 வோல்ட்டில் தென்பட்டன. பஞ்சு காய்ந்துபோகிற அளவுக்குச் சூடாக்கினால் எந்த மனிதனும் அதை இழுக்கவே மாட்டான் என்று மறுத்தவர்களும் உண்டு. எப்படியானாலும் எனக்குக் கிடைக்கிற பாடம் ஒன்றுதான், வாடை மாறினால் உடனே நிறுத்தி வாட்டைக் குறைக்க வேண்டும்.

நான் செய்கிற முறை இது. புதுக் காயிலின் பஞ்சில் சில சொட்டு லிக்விட் விட்டு, டேங்கை நிரப்பிப் பத்து நிமிடம் அப்படியே வைத்துவிடுவேன். முதலில் 9 வாட். நாலைந்து இழுப்புக்கு ஒரு தடவை அரை வாட் ஏற்றுவேன். ஓர் இடத்தில் ருசி நன்றாக விரியும். அதற்கு மேல் ஏற்றினால் வாயின் ஓரத்தில் ஒரு காய்ந்த காரம் தெரியும். அங்கிருந்து ஒரு வாட் இறக்கினால் அதுதான் அந்தக் காயிலின் இடம். கெட்டியான லிக்விட் ஊற்றினால் இன்னும் கீழேயே நின்றுவிடும், ஏனென்றால் 1.8 ஓம் காயிலின் சின்னத் துளைகள் வழியாக அது மெதுவாகத்தான் உள்ளே இறங்கும். புரோப்பிலீன் கிளைகாலும் கிளிசரினும் பாதிக்குப் பாதி விகிதத்தில் கலந்த லிக்விட்தான் இதற்குச் சரி.

சார்ஜர் எக்ஸ்டார் விசி2. இரண்டு செல் போடலாம், ஒவ்வொன்றும் எத்தனை வோல்ட்டில் இருக்கிறது, எவ்வளவு ஏறியிருக்கிறது என்று திரையில் காட்டும். பிகோவிலேயே வயர் செருகிச் சார்ஜ் போடலாம்தான். நான் போடுவதில்லை. வெளியே எடுத்துப் போட்டால் செல்லைக் கையால் தொட்டுப் பார்க்கலாம், சூடாகிறதா என்று தெரியும், உறையையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம்.

அந்த உறை விஷயம் முக்கியம். செல்லின் உலோக உடம்பு முழுவதும் மைனஸ்தான், மேல் விளிம்பு வரைக்கும். நடுவில் இருக்கிற பிளஸுக்கும் அந்த விளிம்புக்கும் இடையில் இருப்பது ஒரு சின்ன வளையமும், மெல்லிய பிளாஸ்டிக் உறையும் மட்டுமே. மேல் ஓரத்தில் நகக்கண் அளவு கிழிந்திருந்தாலும் அந்தச் செல்லைப் போடாதீர்கள். புது உறை சில பென்ஸ்தான், ஹேர் டிரையரால் சூடு காட்டினால் ஒட்டிக்கொள்ளும். தனிச் செல்லைச் சாவி, சில்லறையோடு பையில் போட்டுக்கொண்டு நடக்கவே கூடாது. சாவி இரண்டு முனையையும் சேர்த்துத் தொட்டால் முழு கரண்டும் ஒரே நேரத்தில் பாயும், தொடை வெந்துபோகும். இப்படிக் காயம்பட்டவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். 2021-ல் அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், தனி 18650 செல்களை வாங்கவே வேண்டாம் என்று எச்சரித்தது. இவை மடிக்கணினி, டிரில் மெஷின் பேட்டரிக்குள் பாதுகாப்பு சர்க்யூட்டோடு சேர்த்து வைப்பதற்காகச் செய்யப்பட்டவை என்பது அவர்கள் வாதம். நியாயமான வாதம். அதனால், ஒரு பவுண்டு கொடுத்துப் பிளாஸ்டிக் டப்பா வாங்கி அதில் வைத்துக்கொள்ள மனமில்லை என்றால், பேட்டரி உள்ளேயே பொருத்தப்பட்ட கருவியை வாங்கிக்கொள்ளுங்கள். அதில் ஒரு குறையும் இல்லை. ஒருமுறை தூக்கிப்போடுகிறவை இங்கே 2025 ஜூன் 1 முதல் தடை என்பதால், சார்ஜ் போடக்கூடியதாகத்தான் இருக்க வேண்டும்.

25ஆருக்கு நான் ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். பிகோவுக்கு மூன்றரை: கைக்கு அடக்கம், திரை தெளிவு, ஆனால் அந்த 75 வாட் எண்ணும் 22 மில்லிமீட்டர் கட்டுப்பாடும் உறுத்துகின்றன. விசி2-வுக்கு நாலு. செல்லின் பிடிப்பு குறைந்து, முன்பைவிடச் சீக்கிரம் தீர ஆரம்பித்தால் குப்பைத்தொட்டியில் போடாதீர்கள். பெரிய சூப்பர்மார்க்கெட் வாசலில் பழைய பேட்டரி போடுகிற பெட்டி இருக்கும், இரண்டு முனையிலும் டேப் ஒட்டி அதில் போடுங்கள்.

ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விமானத்தில் வேப்பும் செல்லும் கைப்பையில்தான் போக வேண்டும், பெட்டியில் போட்டு அனுப்பக் கூடாது. ஆனால் சென்னைக்கு என்றால் அதுவும் வேண்டாம். இந்தியாவில் 2019 சட்டப்படி மின்சிகரெட்டை இறக்குமதி செய்வது, விற்பது, சேமித்து வைப்பது எல்லாமே தடை. சிங்கப்பூர் வழியாகப் போனால் இன்னும் கண்டிப்பு, அங்கே கையில் வைத்திருப்பதே குற்றம். கருவியை வீட்டிலேயே வைத்துவிட்டு, செல்லைக் கழற்றி டப்பாவில் போட்டு, பாதி சார்ஜில் நிறுத்திவிட்டுக் கிளம்புங்கள். பயணத்துக்கு நிக்கோட்டின் சூயிங்கம்மோ பேட்சோ மருந்துக்கடையில் வாங்கிக்கொள்ளலாம்.