மஞ்சக்குப்பம் 11 மாத வாடகை ஒப்பந்தம்: வாங்கலாம், ஒரு வரியைத் திருத்திய பிறகு

கடலூர் மஞ்சக்குப்பத்தில் நீதிமன்றத்தை ஒட்டிய தட்டச்சுக் கடைகளில் வாடகை ஒப்பந்தம் கேட்டால், கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கும் மாதிரியைத் திறப்பார்கள். பெயர், முகவரி, வாடகை, அட்வான்ஸ் ஆகியவற்றை மட்டும் மாற்றி முத்திரைத்தாளில் அச்சடித்துக் கொடுப்பார்கள். வேலை வேகம், எழுத்துப் பிழையும் குறைவு. முகவரிச் சான்றுக்கு இது போதும். ஆனால் நீங்கள் வெளியே போன நேரத்தில் வீட்டுக்காரர் மாற்றுச் சாவி போட்டு உள்ளே வந்தார் என்று தகராறு வந்தால், இந்தத் தாள் உங்களுக்குக் கைகொடுக்காது. சில மாதிரிகள் உங்களுக்கு எதிராகவே பேசும்.

பேனா எடுக்கும் முன் தேட வேண்டியது, "உரிமையாளர் விரும்பும்போது வீட்டைப் பார்வையிடலாம், வாடகைதாரர் ஆட்சேபிக்கக் கூடாது" என்கிற மாதிரியான வரியை. வாடகை, காலக்கெடு வரிகளுக்கு இடையில் கண்ணில் படாமல் கிடக்கும். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், பிரிவு 17-இல் வேறு விதமாகச் சொல்கிறது. உள்ளே வர வேண்டுமானால் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். அதில் காரணம், நாள், காலை 7-க்கும் இரவு 8-க்கும் இடைப்பட்ட நேரம் மூன்றும் இருக்க வேண்டும். காரணமாக ஏற்கப்படுபவை: பழுதுபார்ப்பு, வீடு குடியிருக்கத் தக்க நிலையில் உள்ளதா என்ற ஆய்வு, ஒப்பந்தத்தில் குறிப்பிட்ட வேறு நியாயமான காரணம். இந்த மூன்றாவதில்தான் சிக்கல். ஒப்பந்தத்தில் என்ன எழுதுகிறீர்களோ அதற்குச் சட்டமே இடம் கொடுக்கிறது. அங்கே பொத்தாம் பொதுவாக எழுதிக் கையெழுத்துப் போட்டால், "நீங்கள்தானே ஒப்புக்கொண்டீர்கள்" என்ற பேச்சுக்கு வழி திறந்துவிடுகிறீர்கள்.

அந்த வரியை அடிக்கச் சொல்லி, இதைப் போடச் சொல்லுங்கள்: "பழுதுபார்ப்பு அல்லது ஆய்வுக்காக உரிமையாளர் 24 மணி நேரத்துக்கு முன் எழுத்து மூலம் தெரிவித்து, வாடகைதாரர் முன்னிலையில் மட்டுமே உள்ளே வரலாம். தீ, வெள்ளம், புயல் போன்ற அவசரத்தில் உடனே போனில் தெரிவித்துவிட்டு வரலாம். எல்லாச் சாவிகளும் வாடகைதாரரிடம் ஒப்படைக்கப்பட்டன. வாடகைதாரர் தன் செலவில் பூட்டை மாற்றிக்கொள்ளலாம், காலி செய்யும்போது பழைய பூட்டைப் பொருத்தித் தர வேண்டும்." புயல் வரியை விட்டுவிடாதீர்கள். 2011 டிசம்பர் 30-இல் 'தானே' புயல் அடித்த ஊர் இது. நேர்மையான வீட்டுக்காரருக்கும் அந்த வரி தேவை. வாட்ஸ்அப் தகவலும் எழுத்து மூலமான தகவல்தான் என்று சேர்த்துக்கொண்டால் பின்னால் வாதம் இருக்காது.

11 மாதக் கணக்கு பழைய பழக்கம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பத்திரப் பதிவு செய்ய வேண்டும் என்பதால் வந்தது. புதிய சட்டத்தில் 11 மாதமானாலும் எழுத்து ஒப்பந்தம் கட்டாயம், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்வதும் கட்டாயம். அரசின் டெனன்சி இணையதளத்தில் பதிந்து பதிவு எண் வாங்க வேண்டும். கடைக்காரர்கள் தாமாக இதைச் சொல்வது அரிது. இந்தச் சேவையின் பெரிய குறை இதுதான். பதிவில்லாத ஒப்பந்தத்தை ஆதாரமாகக் காட்டும்போது தடுமாற வேண்டியிருக்கும். இரண்டு அசல் போடச் சொல்லி ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். ஜெராக்ஸ் போதாது.

சொல்லாமல் உள்ளே வந்துவிட்டால் அன்றே தேதி, நேரம், யார் வந்தார், எது நகர்ந்திருக்கிறது என்று எழுதி வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். போட்டோவும் சேருங்கள். காவல் நிலையத்தில் "இது சிவில் மேட்டர்" என்பார்கள். அத்துமீறி நுழைவதைக் குற்றமாக்கும் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 329-ஆம் பிரிவு சொத்து யார் பெயரில் என்று பார்ப்பதில்லை, யார் வசம் என்றுதான் பார்க்கிறது. வாடகை வீடு உங்கள் வசம். ஆனால் குற்றம் செய்யவோ மிரட்டவோ அவமதிக்கவோ தொல்லை தரவோ நுழைந்தார் என்ற நோக்கம் தெரிய வேண்டும். ஆகவே திட்டினாரா, பொருளை வெளியே வைத்தாரா, "காலி பண்ணு" என்றாரா என்பதை மனுவில் அப்படியே எழுதி, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள். வெறுமனே சொல்லாமல் வந்து பார்த்துவிட்டுப் போனது என்றால் வாடகைச் சட்டத்தின் பிரிவு 17-ஐச் சுட்டி நோட்டீஸ் அனுப்புவதே சரியான வழி. தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தினால் அதே வாடகைச் சட்டத்தின் பிரிவு 20-இன் கீழ் வாடகை அதிகாரியிடம் மனு. வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் 15100-க்கு அழைத்து சட்ட உதவி கேட்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசம்.

கிருமாம்பாக்கம், பாகூர் பக்கம் வீடு எடுப்பவர்கள் இதே தாளை அங்கே கொண்டுபோகாதீர்கள். அது புதுச்சேரி எல்லை. அங்கே 1969-ஆம் ஆண்டின் புதுச்சேரி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், தமிழ்நாட்டுப் பதிவு எண் செல்லாது. 24 மணி நேர வரியைச் சட்டம் தரும் என்று காத்திராமல் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குவது அங்கே இன்னும் அவசியம். 329 மட்டும் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.