கார்டு ஸ்லாட்டில், கேபிள் வேறிடத்தில்

பழைய கணினியில் பெரிய ஹார்ட் டிஸ்க் போடுவதற்காகக் கன்ட்ரோலர் கார்டு (டிஸ்க்கைக் கணினியோடு இணைக்கும் கூடுதல் பலகை) வாங்கப் போகிறவர்கள், பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன் கடையிலேயே பெட்டியின் மூடியைக் கழற்றிப் பாருங்கள். நான் பார்க்கவில்லை. அதில் போன 4,100 ரூபாய்கூடப் பெரிதில்லை.

நான் போட்டோ ஸ்டூடியோ நடத்துகிறேன். பிலிம் காலத்து நெகட்டிவ்களை ஸ்கேன் செய்து கொடுப்பதில்தான் இப்போது கொஞ்சம் வருமானம். ஸ்கேனர் பழையது, ஸ்கஸி என்ற பழைய வகை இணைப்புக் கார்டில் ஓடுவது. அதன் மென்பொருள் விண்டோஸ் 98ஐத் தாண்டி வர மறுக்கிறது. அதற்காகவே ஒரு பென்டியம் 3 கணினியை இன்றும் காப்பாற்றி வைத்திருக்கிறேன். (பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.) ஒரு 35 மி.மீ. நெகட்டிவை 2700 டிபிஐயில் (அங்குலத்துக்கு 2700 புள்ளி) எடுத்தால் ஏறக்குறைய 28 எம்பி வரும். உள்ளே இருந்த 20 ஜிபி டிஸ்க் எத்தனை நாளைக்குத் தாங்கும்?

பெட்டியைத் தூக்கிக்கொண்டு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனேன். கடையின் பெயர் வேண்டாம். கடைக்காரர் சொன்னதில் தவறே இல்லை: "சார், இந்த மதர்போர்டு 137 ஜிபிக்கு மேல் பார்க்காது. பிசிஐ ஸ்லாட்டில் ஒரு ஐடிஇ கார்டு போட்டுவிட்டால் 250 ஜிபி டிஸ்க்கை முழுதாகப் பயன்படுத்தலாம்." (ஐடிஇ என்பது டிஸ்க்கைப் பட்டைக் கேபிளால் இணைக்கும் பழைய முறை. பிசிஐ ஸ்லாட் என்பது மதர்போர்டில் கூடுதல் கார்டு செருகும் இடம்.) கார்டு 1,400, டிஸ்க் 2,200, பொருத்தும் கூலி 500. மாலையில் வரச் சொன்னார்.

மாலையில் டி டிரைவ் 232 ஜிபி என்று காட்டியது. 250 ஜிபி டிஸ்க்கை விண்டோஸ் எண்ணும் விதத்தில் 232 என்றுதான் வரும், அதில் ஏமாற்று எதுவும் கிடையாது. ஆனால் கணினி எழும்பும்போது பயாஸ் (மதர்போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருள்) திரையில் அதே டிஸ்க் 137 ஜிபி என்று ஓடி மறைந்ததைக் கவனித்தேன். கேட்டேன். வேலை செய்த பையன், "பயாஸ் பழையது சார், அப்படித்தான் காட்டும். மீதியைக் கார்டு பார்த்துக்கொள்ளும்" என்றான். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

மூன்று மாதம் ஒரு குறையும் இல்லை. ஒரு நாள் இரவு பதினொரு படங்களை ஸ்கேன் செய்து சேமித்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் டி டிரைவைத் திறந்தால், ஃபார்மேட் செய்யவா என்று கேட்கிறது. அதுவரை சேர்ந்திருந்தவை சுமார் 130 ரோல், 4,600க்கும் மேற்பட்ட படங்கள். பாதிக்கு மேல் நெகட்டிவ்களை உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது.

கடைக்குப் போன் செய்தேன். "வைரஸாக இருக்கும் சார்" என்றார்கள். அப்போதுதான் மூடியைக் கழற்றினேன். பிசிஐ ஸ்லாட்டில் கார்டு ஸ்குரு போட்டு அழகாக உட்கார்ந்திருக்கிறது. அதன் இரண்டு ஐடிஇ முனைகளிலும் ஒன்றுமே செருகப்படவில்லை. டிஸ்க்கிலிருந்து வரும் பட்டைக் கேபிள் நேராக மதர்போர்டுக்குப் போகிறது. மூன்று மாதமாக அந்தக் கார்டு கொலு பொம்மையாக இருந்திருக்கிறது.

நடந்தது இதுதான். பழைய ஐடிஇ முறையில் செக்டார் (டிஸ்க்கில் தகவல் எழுதும் சிறு துண்டு) எண்ணுக்கு 28 பிட்தான் இடம். 26,84,35,456 செக்டார், ஒவ்வொன்றும் 512 பைட், பெருக்கினால் அந்த 137 ஜிபி. டிஸ்க்கை வேறொரு புதிய கணினியில் மாட்டி முழு அளவுக்கும் பார்ட்டிஷன் (டிஸ்க்கில் இடத்தை வகுக்கும் பகுதி) போட்டுக் கொண்டுவந்திருக்கிறார்கள். அந்தப் பார்ட்டிஷன் கணக்கை நம்பி விண்டோஸ் 98ம் 232 என்று காட்டியது. ஆனால் எல்லையைத் தாண்டி எழுதப் போனால், ஸ்கூட்டர் மீட்டர் 99,999க்குப் பிறகு பூஜ்யத்துக்குத் திரும்புவதுபோல, எண் முதல் செக்டாருக்கே திரும்பிவிடும். அங்கே இருப்பவை பார்ட்டிஷன் அட்டவணையும், எந்தக் கோப்பு எங்கே கிடக்கிறது என்று சொல்லும் ஃபேட் அட்டவணையும். ஃபேட் அட்டவணைக்கு ஒரு நகல் உண்டு. என் டிஸ்க்கில் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 30 எம்பி. அன்றிரவின் முதல் இரண்டு மூன்று படங்களே அசலையும் நகலையும் தின்றுவிட்டன.

பெட்டியோடு மறுபடி போய் நின்றேன். வெகுநேரம் மழுப்பிய பிறகு அந்தப் பையன் ஒப்புக்கொண்டான்: கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருள் ஏறவில்லையாம், விண்டோஸ் உறைந்து போனதாம், மாலைக்குள் முடிக்க வேண்டும் என்று கேபிளை மாற்றிச் செருகினானாம். முதலாளி கார்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார், பாதி விலைக்கு. "உபயோகித்த கார்டு ஆயிற்றே சார்."

உபயோகித்த கார்டு!

அதே தெருவில் வேறொருவர் அந்தக் கார்டை அடுத்த ஸ்லாட்டுக்கு மாற்றினார். ஸ்கேனரின் ஸ்கஸி கார்டோடு மோதிக்கொண்டிருந்ததுதான் கோளாறு. டிரைவர் ஏறியது. பத்து நிமிட வேலை. கேபிளையும் மாற்றச் சொன்னார்: இருந்தது 40 கம்பி, இந்த வேகத்துக்கு 80 கம்பி வேண்டும், நீல முனை கார்டில், கறுப்பு முனை டிஸ்க்கில். கார்டு உண்மையில் ஓடும்போது எப்படி இருக்கும் என்பதையும் அங்கேதான் முதன்முறையாகக் கண்டேன். மதர்போர்டின் பயாஸ் பட்டியலில் அந்த டிஸ்க் இல்லவே இல்லை. அந்தத் திரை முடிந்த பிறகு கார்டின் சொந்தத் திரை தனியாக வந்து, டிஸ்க்கின் பெயரையும் முழு அளவையும் காட்டியது. விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் (கருவிகளின் பட்டியல்) ஸ்கஸி கன்ட்ரோலர்கள் வரிசையில் (இப்படிப்பட்ட ஐடிஇ கார்டையும் விண்டோஸ் அங்கேதான் காட்டும்), மஞ்சள் ஆச்சரியக்குறி இல்லாமல் கார்டு நின்றது. நான் பயாஸில் 137ஐப் பார்த்த அந்த நொடியிலேயே குட்டு வெளிப்பட்டிருக்க வேண்டும்.

டிஸ்க் தன்னைப் பற்றித் தானே பதிந்து வைக்கும் ஸ்மார்ட் தகவலையும் அவர் எடுத்துக் காட்டினார். 'புதியது' என்று பிளாஸ்டிக் உறையில் எனக்கு விற்ற டிஸ்க் 19,000 மணி நேரத்துக்கு மேல் ஓடியிருந்தது. ஐடிஇ டிஸ்க் தயாரிப்பு நின்று பல வருடங்கள் ஆகின்றன. உறை எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். சிரித்தார்.

படங்களை மீட்க 6,000 ரூபாயும் இரண்டு நாளும் ஆயின. முதலில் ஸ்கேன் செய்த எட்டு ஒன்பது படங்கள் போயே போய்விட்டன, அவற்றின் நெகட்டிவ் நல்லவேளையாக என்னிடம் இருக்கிறது. மற்றவை பெரும்பாலும் கிடைத்தன, ஆனால் கோப்புப் பெயர் எதுவும் இல்லாமல். வெறும் எண்கள். நாலாயிரத்துச் சொச்சம் படங்களில் எது யார் வீட்டுக் கல்யாணம், எது யார் வீட்டுக் காதுகுத்து என்று, தினமும் கடை மூடிய பிறகு உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருக்கிறேன். நேற்று 1,312இல் நிறுத்தினேன்.