ஒருவர் வாங்கி நாலு பேர் விளையாடினால் விற்பனை விழுமா?

70 டொலருக்கு வரும் புது வீடியோ கேம், டொலரை 300 ரூபா என்று பிடித்தாலே 21,000 ரூபா. 2022இல் ரூபா சரிந்த பிறகு, கொழும்பில் கேம் வாங்குவது வீட்டில் பேசி முடிவெடுக்கிற செலவாகிவிட்டது. வாங்கியதை யாருடன் பகிரலாம் என்று நாங்கள் பார்க்கிறோம். பகிர்ந்தால் வியாபாரம் படுத்துவிடுமோ என்று கம்பனிகள் யோசிக்கின்றன. என் பார்வையில், பகிரும் வழிகளில் ஒன்றுக்குத்தான் அந்தப் பயம் நியாயமானது.

அது சோனியின் கேம் கருவியான (கன்சோல்) பிளேஸ்டேஷன் 5இல் உள்ள பகிர்வு. வாங்கியவர் தன் கணக்கை நண்பனின் கன்சோலில் போட்டு, பகிர்வை அங்கே இயக்கிவிட்டால், தன் வீட்டில் லொக்-இன் செய்து தானும் ஆடலாம். ஒரே கேம், ஒரே நேரம், இரண்டு வீடு. வெள்ளவத்தையில் ஒருவர், தெஹிவளையில் ஒருவர் என்று பாதிப் பாதிக் காசு போட்டால் இரண்டு விற்பனை ஒன்றாகிவிடும். ஆனாலும் அந்த இருவரும் தனித்தனியே 21,000 கொடுத்திருப்பார்களா? பெரும்பாலும் விலை குறையும்வரை காத்திருப்பார்கள்.

கணினிக் கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீம் இதைவிடக் கெட்டித்தனமாக யோசித்திருக்கிறது. முன்பு ஒருவர் விளையாடினால் முழு லைப்ரரியும், அதாவது வாங்கிய கேம்கள் எல்லாமே, மற்றவருக்குப் பூட்டிக்கொள்ளும். 2024 செப்டெம்பரில் முழுமையாக வந்த ஸ்டீம் ஃபேமிலிஸ் என்ற குடும்பப் பகிர்வில், ஒரே வீட்டு ஆட்கள் ஆறு பேர்வரை ஆளுக்கொரு கேமை ஒரே நேரத்தில் ஆடலாம். ஒரே கேமை இருவர் ஒன்றாக ஆடத்தான் இரண்டு பிரதி வேண்டும். அண்ணா வாங்கிய பல்டர்ஸ் கேட் 3ஐ அவர் வேலைக்குப் போன நேரத்தில் தங்கச்சி ஆடிப் பார்க்கிறாள். பிடித்துப்போய், இரவில் இருவரும் தங்கள் தங்கள் கணினியில் சேர்ந்து ஆட நினைத்தால் இன்னொன்று வாங்கியே ஆகவேண்டும். இங்கே பகிர்வுதான் அடுத்த விற்பனையைக் கூட்டி வருகிறது. ஒரே மூச்சில் முடிந்துவிடும் சிறிய கதைக் கேம்களுக்கு இந்த வாய்ப்பு இல்லை. அடி விழுந்தால் அவற்றைச் செய்யும் சின்ன ஸ்டுடியோக்களுக்குத்தான் விழும். அதை லேசாக எடுக்கக் கூடாது.

இன்னொரு கன்சோல் கம்பனியான நின்டெண்டோ 2025இல் கொண்டுவந்த முறையில் குடும்பத்துக்குள் இரண்டு வாரம் இரவல் கொடுக்கலாம். கொடுத்தவர் அதுவரை ஆட முடியாது. விற்பனைக்குப் பெரிய ஆபத்தில்லை, எங்களுக்கும் பெரிய லாபமில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது ஹேஸ்லைட் என்ற கேம் ஸ்டுடியோவின் வழி. 2021இல் வந்த அவர்களின் ‘இட் டேக்ஸ் டூ’ இருவர் சேர்ந்து மட்டுமே ஆடக்கூடியது. ஒருவர் வாங்கினால் நண்பருக்கு இலவசம். அப்படியிருந்தும் அது 2 கோடிப் பிரதிகளைத் தாண்டியது. சேர்ந்து ஆட ஆள் பிடிக்கிற வேலையை வாங்கியவரே செய்துவிடுகிறார்.

பழைய டிஸ்க் பத்துக் கை மாறினாலும் செய்தவருக்கு ஒரு சதம் போகாது. டிஜிட்டல் பகிர்வு அதைவிட எவ்வளவோ மேல்.

வீட்டில் கணினிதான் என்றால் ஸ்டீமையே எடுங்கள். ஆனால் தெரிந்த பொடியன் என்று வெளியாளை அந்த ஆறு பேரில் சேர்க்காதீர்கள். உங்கள் பிரதியில் அவன் ஏமாற்றி ஆடிப் பிடிபட்டால் அந்தக் கேமில் தடை உங்களுக்கும் விழும். அவன் விலகினாலும் அந்த இடம் ஒரு வருடத்துக்குத் திறக்காது.