பந்தல்காரன் கையில் காற்று மீட்டர்

ஆரல்வாய்மொழிப் பக்கம் பந்தல் போடுகிறவனுக்குக் காற்றைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கணவாய் வழியாக மேல்காற்று இறங்க ஆரம்பித்தால் மாதக்கணக்கில் ஓயாது. ஆடியில் கல்யாணம் கிடையாது, ஆனால் அம்மன் கோயில் கொடைவிழா வரிசையாக வரும். பந்தல் இல்லாமல் கொடை ஏது? அதற்காகத்தான் ஆன்லைனில் ஆயிரத்துச் சொச்சம் கொடுத்து இந்த மீட்டரை வாங்கினேன்.

உள்ளங்கையில் அடங்கிவிடும். மேலே சின்ன விசிறி, கீழே திரை. மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று எண் ஓடிக்கொண்டே இருக்கும். எனக்கு அது பெரிதில்லை. அதுவரை அடித்ததில் உச்ச வேகத்தைப் பிடித்துக் காட்டும் 'மேக்ஸ்' பொத்தான்தான் காசுக்கு மதிப்பு. சீராக வீசுகிற காற்று பந்தலை ஒன்றும் செய்யாது. நடுவில் ஒரு தூக்கு தூக்கி அடிக்குமே, அதுதான் சாய்க்கும். "40 முதல் 50 கிலோமீட்டர் வேகத்தில், இடையிடையே 60" என்று வானிலை அறிக்கையில் வாசிக்கிறார்களே, என் தகரத்தைப் பிடுங்குவது அந்த 'இடையிடையே'தான். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளுகிற பலம் நான்கு மடங்கு.

ஆனால் கயிறு கட்டும் பையன்களிடம் "45 அடிக்குது" என்று சொன்னால், "சரிண்ணே" என்றுவிட்டு நின்ற இடத்திலேயே நிற்பார்கள். "துணி உப்பிக்கிட்டு நிக்குது, கம்பு கால் எம்புதுல!" என்றால் ஓடி வருவார்கள். திரை ஓரத்தில் காற்றின் பலத்தைப் படிப்படியாகக் காட்டும் பன்னிரண்டு கட்டங்கள் உண்டு. பியூஃபோர்ட் என்ற பிரிட்டிஷ் கடற்படைக்காரர் 1805-இல் பாய்மரக் கப்பலுக்காக வகுத்த கணக்கு அது. தரைக்கான அடையாளங்களைப் பின்னால் சேர்த்தார்கள். நாலாம் கட்டத்தில் புழுதியும் காகிதமும் பறக்கும். ஆறாவதில், அதாவது 39 முதல் 49 வரை, பெரிய கிளைகள் ஆடும், குடை பிடிப்பது கஷ்டம். ஏழில் எதிர்காற்றில் நடக்கவே சிரமம். பியூஃபோர்ட்டும் கயிறு இழுக்கிற ஆட்களை வைத்து வேலை வாங்கியவர்தானே.

குறைகளும் உண்டு. விசிறி காற்றுக்கு நேர்முகமாக இருக்க வேண்டும். சுவர் மூலையில் சுழன்று அடிக்கும்போது எண் குறைத்துத்தான் காட்டும். நெஞ்சு உயரத்தில் பிடித்துப் பார்ப்பதும் வீண், மேலே போகப்போக வேகம் கூடும். நான் கம்பில் கட்டிப் பந்தல் உயரத்துக்குத் தூக்கி, இறக்கியபின் மேக்ஸைப் பார்க்கிறேன். திரை விளக்கு சட்டென்று அணைந்துவிடுகிறது, ராத்திரி வேலைக்குத் தொல்லை. பேட்டரி மூடி படு மெலிசு. குளிர்காற்று உடம்பில் எப்படி உறைக்கும் என்று ஒரு கணக்கு வேறு காட்டுகிறது, நம்ம ஊருக்கு அது எதற்கோ!

மேக்ஸ் 40 தாண்டினால் பக்கத்துணியை அவிழ்ப்பேன், 50 தொட்டால் மேல்துணியையும் இறக்கிவிடுவேன். முன்பெல்லாம் கொடைக் கமிட்டிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். இப்போது திரையைக் காட்டினால் போதும், பேச்சில்லை. மூன்றரை நட்சத்திரம். மூடி கெட்டியாக இருந்திருந்தால் நாலு.