7075 அலுமினியம்: டி6-ஆ, டி73-ஆ?

இரண்டும் விமானப் பாகங்களுக்குப் பேர்போன அதே 7075 கலவைதான். வெப்பப் பதம், அதாவது சூடாக்கிப் பதப்படுத்திய விதம், மட்டும் வேறு. டி6-இல் பலம் உச்சம். இன்னும் கொஞ்சம் சூட்டில் ஊறிய டி73, அதில் 10 முதல் 15 சதவீதத்தை இழந்துவிடும்.

வறண்ட காற்றில் டி6-ஐக் குறை சொல்ல முடியாது. கடற்காற்றுதான் வில்லன். மேலே படிந்த உப்புத்தூள், ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே நீரை உறிஞ்சிக் கசியும், மழையே வேண்டாம். அந்த ஈரத்துக்கடியில் குழி விழும், வெள்ளைப்பொடி பூக்கும். தடித்த பாகம் தடிமன் திசையில் இழுபட்டுக்கொண்டும் இருந்தால், ஹைட்ரஜன் புகுந்து, உலோகத்தின் நுண்படிகங்களான மணிகளின் எல்லை வழியே விரிசல் ஓடும். டி73-இல் குழி விழத்தான் செய்யும், ஆனால் விரிசல் அபூர்வம்.

கடலோரத்தில் தடித்த பாகம் என்றால் என் ஓட்டு டி73-க்கே. மெல்லிய தகட்டுக்கு டி6 போதும், பூச்சு உரியாதவரை.